திருப்பூர்க் குளக்கரையில் பறவைக் கணக்கு: மூன்று பனிக்காலம் போய்வந்தவளின் மதிப்பீடு

ஞாயிற்றுக்கிழமை காலை 6.15 மணிக்குக் குளக்கரையில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் பறவை எண்ணும் நடை தொடங்கிவிடும். ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளவும் முடியாது. கரையில் ஓடினால் ஓரத்தில் மேயும் பறவையெல்லாம் எழுந்துவிடும் என்பதால், ஓடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஜனவரியில் சூரியன் முகம் காட்ட 6.45 ஆகிறது. அதுவரை தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும். பார்ப்பதற்கு அதிகம் இல்லை, கேட்பதற்கு நிறைய உண்டு. தாழைக்கோழிகளின் சண்டை, முக்குளிப்பானின் நடுங்கும் குரல், தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீலச்சிறகிகளின் சிறகோசை. வாரத்தில் ஆறு நாள் தையல் எந்திரங்களின் இரைச்சலுக்குள் இருப்பவள் நான். அந்த அரை மணி நேரத்துக்காகவே விடுமுறை நாள் தூக்கத்தை விட்டுக்கொடுக்கலாம்.

மூன்று பனிக்காலமாக இந்தக் குழுவோடு போய்வருகிறேன். நாங்களும் வரலாமா, குழந்தைகளை அழைத்து வரலாமா, என்ன செலவாகும் என்று கம்பெனியிலும் தெருவிலும் பலர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இடம் நஞ்சராயன் குளம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் சாலைப் பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி இருக்கிறது. நல்லாற்றுத் தண்ணீர் வந்து தேங்கும் பழைய பாசனக் குளம். பரப்பு 125 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் விழுப்புரம் பக்கத்துக் கழுவெளியோடு சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சாயத் தண்ணீருக்கும் நொய்யலின் நிறத்துக்கும் மட்டுமே பேர் போன ஊரில் இப்படி ஒரு குளம் இருக்கிறது என்பதே பத்து வருடங்களுக்கு முன்பு எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான் வேலைக்குப் போகும் வழியிலிருந்து அது அரை மணி நேரத் தூரம்தான்.

குழு என்றால் பதிவு பெற்ற சங்கமோ பெயர்ப்பலகையோ கிடையாது. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், பவர் டேபிள் தையல்காரர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் இருவர். இந்த ஐந்து பேரும்தான் அடிப்படை. நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் இரண்டு ஞாயிறு நடத்துகிறார்கள். கட்டணம் இல்லை. பைனாகுலர் இல்லாதவர்களுக்கு இரண்டு வைத்திருக்கிறார்கள், கை மாற்றிக் கை மாற்றிப் பார்க்கலாம். முக்காலியில் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று உண்டு. தூரத்து மணல்திட்டில் நிற்கும் உள்ளானின் கால் நிறம் வரை அதில் தெரியும். குழந்தைகளுக்கு முதலில் வரிசை விடுவார்கள்.

இத்தனையும் வேறு குழுக்களிலும் கிடைக்கும். இந்தக் குழுவுக்கு நான் மனமார ஐந்து நட்சத்திரம் கொடுப்பது வேறொரு காரணத்துக்காக: எண்ணிக்கையில் இவர்கள் காட்டும் நேர்மை.

நான் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணுவது என் பிழைப்பு. ஒரு பண்டலில் 50 பீஸ் என்று சீட்டில் எழுதி உள்ளே 48 இருந்தால், அந்த இரண்டு பீஸ் யாரோ ஒரு பெண்ணின் கூலியில் போய்ப் பிடிக்கும். அதனால் தோராயம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. முதல் வருடம் டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். குளத்தின் கிழக்குப் பக்கம் தட்டைவாயன் வாத்துகள் பெருங்கூட்டமாக இறங்கியிருந்தன. தட்டைவாயன் மேய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அகலமான அலகைத் தண்ணீரில் அமிழ்த்தியபடியே ஒன்றன் வால் பின்னே ஒன்றாக வட்டம் போட்டுச் சுற்றும். அப்படிச் சுற்றும்போது கலங்கி மேலே வரும் நுண்ணுயிர்களை அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்புப் பற்களால் வடித்து உண்ணும். பார்க்க அழகு, எண்ணப் பெரும்பாடு. எந்த வாத்திலிருந்து தொடங்கினோம் என்பதே அரை நிமிடத்தில் மறந்துபோகும்.

மூன்று பேர் தனித்தனியே நின்று, ஒருவரோடு ஒருவர் பேசாமல் எண்ண வேண்டும் என்றார் ஆசிரியர். எப்படி எண்ணுவது என்று மட்டும் காட்டிக்கொடுத்தார். முதலில் பத்து வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணு; அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்; பிறகு அந்த அளவை எடுத்துக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போ. கேட்டதும் என் செக்கிங் மேசை நினைவுக்கு வந்துவிட்டது. நாங்களும் பத்துப் பத்தாகத்தான் மடித்து அடுக்குகிறோம். பத்து பீஸின் உயரம் கைக்குத் தெரியும். ஆனால் துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) மாறினால் அடுக்கின் உயரமும் மாறும். 140 துணியின் பழக்கத்தில் 180 துணியை அளந்தால் கணக்குத் தப்பும்.

நான் 260 என்றேன். ஆசிரியர் 230. மருந்துக்கடைக்காரர் 310. யாருடைய எண்ணையும் ஆசிரியர் உடனே எழுதவில்லை. சராசரி போட்டுவிடலாம் என்று ஒரு மாணவர் சொன்னதற்கும் ஒப்பவில்லை. வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடினார். கூட்டத்தின் நடுவில் வாத்துகள் நெருங்கி இருந்தன, ஓரத்தில் சிதறி இருந்தன. நடுப்பகுதியின் பத்தை எடுத்து ஓரத்துக்கும் அளந்ததால் 310 வந்திருக்கிறது. அதாவது கனத் துணிக்கும் மெல்லிய துணிக்கும் ஒரே அளவு. ஓரத்தை மட்டும் மறுபடி எண்ணினோம். 245 என்று எழுதினார். இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அன்றைக்கு வேறு பாதி இனங்களைப் பார்க்கவே நேரமில்லை. இரண்டு பேர் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பினார்கள். எனக்கோ என் தொழிலின் மரியாதை தெரிந்த மனிதர்களைப் பார்த்துவிட்ட நிறைவு.

எழுதியதை அங்கேயே கைப்பேசியில் ஈபேர்டு செயலியில் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும் பொதுப் பதிவேடு அது. உலகில் எங்கிருந்து யார் பார்த்த பறவையும் அதில் சேரும். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை பேர் என்று கேட்கும். கடைசியில் ஒரு கேள்வி: அடையாளம் கண்ட அனைத்துப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? இதற்கு ‘ஆம்’ என்று சொல்ல வேண்டுமானால் காக்கையையும் மைனாவையும் விடக் கூடாது. அழகான பறவையை மட்டும் எழுதிவிட்டு வந்தால் அந்தப் பட்டியலுக்கு ஆராய்ச்சியில் பாதி மதிப்புத்தான். எண்ண முடியாதபோது எண்ணுக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போடவும் செயலியில் வழி உண்டு. ‘இருந்தது, எத்தனை என்று எண்ணவில்லை’ என்று அதற்குப் பொருள். எங்கள் குழுவில் அந்தக் குறியை நான் இதுவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

கண்ணால் காணாத பறவையும் கணக்கில் வரும், குரலை உறுதியாக அறிந்திருந்தால். முதல் வருடம் இதை நான் நம்பவில்லை. ஒருநாள் கரையோரச் சீமைக்கருவேலம் புதர் அருகே எல்லோரையும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் சாலை இரைச்சல்தான் கேட்டது. பிறகு கொண்டைக்குருவி. அதன் அடியில், யாரோ நாக்கை அண்ணத்தில் தட்டுவதுபோல, ‘டக்... டக்...’. பிளித் நாணல் கதிர்க்குருவி. ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியிலும் மேற்கு, மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து பனிக்காலம் முழுவதும் ஒரு புதருக்குள் இருந்துகொண்டு டக் டக் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. நிறம் என்று சொல்ல எதுவும் இல்லை, மண் நிறம். இப்போது என் கம்பெனிச் சுற்றுச்சுவர் ஓரத்து வேலியிலும் அது இருக்கிறது என்று தெரிகிறது. அக்டோபரில் வந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கேட்கிறேன். எத்தனை வருடமாக அங்கே வந்துகொண்டிருந்ததோ.

ஜனவரி மாதம்தான் இந்த நடையின் உச்சம். இடம் மாறித் திரிந்த வலசைப் பறவைகள் ஜனவரியில் ஓரிடத்தில் தங்கியிருக்கும். அதனால்தான் 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில் நடக்கிறது. வனத்துறையின் கணக்கெடுப்புக்கும் எங்கள் குழுவினர் போய் உதவுகிறார்கள். பல குளங்களை ஒரே நாளில் எண்ணினால்தான் இங்கே எண்ணிய வாத்தை மறுநாள் பக்கத்துக் குளத்தில் மறுபடி எண்ணும் தவறு நேராது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் குளத்தில் பறவை குறைந்தால் பதற வேண்டாம் என்பதையும் இங்குதான் கற்றேன். குளம் கரை தொட்டு நிறைந்தால் உள்ளான்களுக்குச் சேறும் திட்டும் இல்லாமல் போய்விடும். வாத்துகளுக்கோ சுற்றிலும் உள்ள சிறு குட்டைகளிலெல்லாம் தண்ணீர் இருக்கும், சிதறிவிடும். தண்ணீர் வற்றி மண் வெளியே தெரியும்போதுதான் பவளக்கால் உள்ளானும் பொரி உள்ளானும் வந்து இறங்கும்.

பொங்கலை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. தமிழ்நாடு முழுவதும் 2015 முதல் நடக்கிறது. இதற்குக் குளத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று எண்ணினாலும் போதும். பொங்கலுக்கு வெளியூர் ஆட்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடத் திருப்பூரே அடங்கிக் கிடக்கும் அந்த நான்கு நாள் மாதிரி வேறு நாள் வராது. எங்கள் தெருவில் பச்சைக்கிளிகள் போகும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்க முடிகிறது. போன வருடம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், காங்கேயம் பக்கத்தில் உள்ள என் தாய்வீட்டில் எண்ணினோம். என் மகள் நோட்டில் நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தாள். வாசல் நிலைச்சட்டத்தில் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிய காப்பு இன்னும் வாடவில்லை. தென்புறக் காட்டிலிருந்து ஒரு கூட்டம் எழுந்து, துணியை உதறியதுபோல் மடங்கி விரிந்து போனது. நானும் மகளும் பைனாகுலரைத் தேடுவதற்குள், திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மா தலையைக்கூட முழுதாக நிமிர்த்தாமல், “சூறைக்குருவி” என்றாள்.

“அம்மாயி, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் மகள்.

“சோளக்காட்டுப் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டித் தட்டியே என் சின்ன வயது போனது, சாமி. இது இறங்கினால் காட்டில் கதிர் மிஞ்சாது. பங்குனி போய்ச் சித்திரை ஆனால் ஒன்றையும் காண முடியாது. எங்கே போகும் என்று அப்போதே நினைப்பேன்.”

மத்திய ஆசியாவுக்குப் போகிறது, அங்கே வெட்டுக்கிளி தின்று குஞ்சு வளர்க்கிறது என்று மகள் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபது வயதில் அவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இந்தக் குழுவுக்கு நான் பட்டிருக்கும் கடன்களில் அதுவும் ஒன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

கழிப்பறை இல்லை. மூன்று மணி நேர நடை. கரையில் ஒதுங்க இடமில்லை. ஆண்கள் இதை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், வெயில் ஏறியதும் தலைவலியோடு திரும்புகிறார்கள். நடைக்கு முன்னும் பின்னும் பயன்படுத்தப் பக்கத்தில் ஒரு வீட்டையோ பெட்ரோல் பங்கையோ பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள். இதைச் சரி செய்தால் வரும் பெண்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும்.

இரண்டாவது, கூட்டம். அரையாண்டு விடுமுறை ஞாயிறுகளில் நாற்பது பேருக்கு மேல் வந்துவிடுகிறார்கள். இரண்டு குழுவாகப் பிரித்து எதிரெதிர்க் கரையில் நடத்தலாம், அப்படிச் செய்வதில்லை. அத்தனை பேரோடு போன ஒரு நாளில்தான் வரித்தலை வாத்துகள் வந்தன. திபெத், மங்கோலியா மேட்டுநிலங்களிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் பறவை. இரவில் வயலில் மேய்ந்துவிட்டு விடியலில் நீர்நிலைக்குத் திரும்பும். அன்றைக்கும் வெளிச்சம் வந்த சிறிது நேரத்தில் வடக்கிலிருந்து வந்து ஆழமில்லாத ஓரத்தில் இறங்கின. வெண்மையான தலையில் கருப்பாக இரண்டு பட்டை, மையைத் தொட்டு விரலால் இழுத்ததுபோல். ஸ்கோப்பில் என் முறை வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாத்து கழுத்தை நீட்டிச் சிறகின் அடியில் கோதியது. அடுத்தது ஒற்றைக்காலில் நின்றது. அடுத்தது சட்டென்று கழுத்தை நிமிர்த்தியது. எல்லாக் கழுத்தும் நிமிர்ந்தன. பெரிய கேமராவோடு வந்திருந்த ஒருவர் கரையிலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்துபோய்க்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடுவதற்குள் வாத்துகள் எழுந்துவிட்டன. தெற்கே போனவை அன்று திரும்பவில்லை.

17 வரை எண்ணியிருந்தோம். இருபதுக்கு மேல் இருந்தது எல்லோருக்கும் நிச்சயம். 20 என்றாவது எழுதலாமே என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

“எண்ணியது 17, அம்மிணி. மற்றது நம் ஆசை” என்று சொல்லி 17 எழுதினார். எண்ணி முடிக்கும் முன் பறந்துவிட்டன என்று குறிப்பும் சேர்த்தார்.

தவறு கேமராக்காரருடையது மட்டும் அல்ல. புதிதாக வருபவர்களிடம் கரையை விட்டு இறங்கக் கூடாது என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது தொடக்கத்திலேயே சொல்கிறார்கள், ஆனால் பிந்தி வருபவர்களுக்கு அது போய்ச் சேர்வதில்லை. ஐந்து பேரும் பறவையைப் பார்ப்பதில் ஆழ்ந்துவிடுகிறார்கள். ஒருவராவது மனிதர்களைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி: பத்து வயதுக்கு மேல் இருந்தால் நன்றாக ஒன்றிப்போகிறார்கள். சிறியவர்களை மூன்று மணி நேரம் பேசாமல் நடக்க வைப்பது அவர்களுக்குப் பாவம். அவர்களோடு வீட்டு மாடியிலேயே 15 நிமிடப் பட்டியல் போட்டுப் பழக்குங்கள். பைனாகுலர் வாங்கும் எண்ணம் இருந்தால், இங்கே எட்டுக்கு நாற்பத்திரண்டு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) அளவில் இருப்பதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டும் கருவியைக் கையில் பிடித்தால் நடுங்கும். முதல் வருடம் நான் ஒன்றுமே வாங்கவில்லை, எதுவும் குறையவும் இல்லை.

எந்த ஞாயிறு வரலாம் என்று கேட்டால், ஜனவரி இரண்டாம் பாதி அல்லது பிப்ரவரி என்பேன். கூட்டம் குறைவு, பறவை நிறைவு. ஒரு நடையிலேயே எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். சில நாள் இவர்கள் ஒரே கூட்டத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிடுவார்கள். எண்ணுவதில் விருப்பம் இருந்தால் நீங்களும் நில்லுங்கள். நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள், பனியில் பேனா எழுதாது. பச்சை, காக்கி, மண் நிற உடுப்பு நல்லது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தெற்குக் கரை முழுவதும் நெருஞ்சி.